கொம்பையாவுக்குச் சுற்றிய உப்பு

சூளைப்பாறையில் கல்லுக்கும் உப்புப் போட்டுத்தான் வேக வைப்பார்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கேலி பண்ணுகிறோம் என்று நினைப்பார்கள். ஆனால் மலையடிவாரத்துக் குழியிலிருந்து வெட்டி வருகிற செம்புக் கல்லை மாவாக இடித்து, கடற்கரையிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிற உப்பை அதில் கலந்து, உலையில் போட்டு நாள் முழுக்க வறுத்தால், கல்லை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற செம்பு உப்போடு சேர்ந்து தானும் ஒரு உப்பாகிவிடும் என்பதும், வறுத்த பொடியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் அது கரைந்து தண்ணீர் பச்சையாகும் என்பதும், அந்தப் பச்சைத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டால் இரும்பு கரையக் கரையச் செம்பு அதன்மேல் சிவப்புச் சேறாகப் படியும் என்பதும் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உலையில் ஆண்கள் வேலை செய்தார்கள், தொட்டியில் பெண்கள் வேலை செய்தார்கள். புகை எல்லாருடைய தொண்டையிலும் சமமாக இறங்கியது.

அப்படிப்பட்ட ஊரில் கண்ணேறு கழிப்பதற்கு வீட்டு அடுப்பு போதாது என்று பெண்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. மற்ற ஊர்களில் உப்பையும் மிளகாயையும் ஆளின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, கண் போச்சு என்று கையைக் கழுவிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பெண்களோ அவ்வளவு பெரிய உலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறகடுப்பை நம்புவதா என்று, அமாவாசைதோறும் புருஷன் தலையைச் சுற்றிய உப்பைத் துணியில் முடிந்து அவன் இடுப்பிலேயே செருகி, வேலைக்குப் போகும்போது நீங்களே உலையில் போட்டுவிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். தனக்குச் சுற்றிய உப்பைத் தானே நெருப்பில் போடலாமா கூடாதா என்று யாரும் யோசிக்கவில்லை. கம்பெனி உப்போடு எங்கள் ஆண்களின் உப்பும் சேர்ந்து கல்லை வறுத்துக்கொண்டிருந்தது.

கொம்பையா அந்த உலைவாயில் நீளக் கம்பியால் கல்மாவைக் கிளறிக்கொடுக்கிற வேலையில் இருந்தான். நல்ல உயரம், கலகலப்பான ஆள், வலது கைப் பெருவிரல் நகம் சின்ன வயதில் உரலில் மாட்டி இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கும். அவன் பெண்டாட்டி வெயிலுகந்தாள் தொட்டியில் வேலை பார்த்தாள். ஒரே மகள் செண்பகம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு அமாவாசை மதியம் இடுப்பில் உப்பு முடிச்சோடு வேலைக்குப் போன கொம்பையா திரும்பி வரவில்லை. கம்பெனியில் கேட்டதற்கு, அவன் பாதி வேலையில் உப்பு லாரியில் ஏறிப் போய்விட்டான் என்றார்கள். அன்று அவனோடு உலை மேடையில் இருந்த ஒரே ஆள் சூப்பர்வைசர் அருளப்பன். உகந்தாள் கையால் எத்தனையோ நாள் மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்ட அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, போயிட்டான்" என்றான்.

ஊர் அதை நம்பியது. அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது. லாரியில் போனவனுக்கு உப்பளத்தில் ஒரு பொம்பளை இருப்பதாக ஒருவர் சொல்ல, அவள் சிவப்பா கறுப்பா என்று இன்னொருவர் கேட்க, ஒரு மாதத்துக்குள் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். உகந்தாளுக்கு மட்டும் தெரியும், உலை மேடையின் இரும்புத் தகட்டைப் புகை அரித்துத் தின்றிருக்கிறது என்று கொம்பையா வீட்டில் தினமும் புலம்பிக்கொண்டிருந்தான், அவன் காணாமல் போன மறுநாளே அங்கே புதுத் தகடு போட்டிருந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுச் சீனித்தாய் ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

"ஏத்தா, என்ன காரியம் பண்ற! உசிரோட இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரி வைப்பாகளா? அவுகளுக்குத்தான் ஆகாது."

"உசிரோட இல்ல மதினி. எனக்குத் தெரியும்."

"ஒனக்குத் தெரிஞ்சாப் போதுமா? பாத்தவுக யாராச்சும் சொல்லணும்ல."

இதுதான் உகந்தாளின் பெரிய துக்கம். புருஷன் போனது ஒரு துக்கம் என்றால், அவனுக்காக அழ விடவில்லையே என்பது அதைவிடப் பெரிய துக்கம். பொட்டை அழிக்க விடவில்லை, பிறந்த வீட்டுக் கோடிச் சீலை வாங்க விடவில்லை, கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், கல்யாண வீட்டில் மஞ்சள் கொடுத்தார்கள். செத்தவனுக்குச் செய்ய வேண்டிய எதையும் செய்யாமல், அழாத அழுகையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, அவள் தினமும் பச்சைத் தண்ணீரில் இரும்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொம்பையாவின் பெருவிரல் வந்தது மாசி மாதத்தில். சீனித்தாய் தன் வீட்டுக் கிணற்றில் தேய்ந்துபோன இரும்புக் கப்பியைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டிருந்தாள். வேறு இரும்பிலெல்லாம் செம்பு சேறாகப் படிந்துகொண்டிருக்க, கப்பி கரைந்த இடத்தில் செம்பாலான ஒரு பெருவிரல், நகம் இரண்டாகப் பிளந்து, கணுவில் மடிப்புகளோடு, கிடந்தது. சீனித்தாய் அதைக் கழுவி, முந்தானையில் துடைத்து, உகந்தாளிடம் நீட்டினாள். "ஒம் புருஷன் விரலு போலருக்கு, பாரு" என்று கத்தரிக்காயைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். உகந்தாள் வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மறுபடி தொட்டியில் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வந்தான். மிச்ச விரல்கள் வந்தன, குதிகால் வந்தது, முழங்கை வந்தது. தொட்டிப் பெண்கள் சேற்றை அள்ளும்போது விரலால் தடவிப் பார்த்து அள்ளக் கற்றுக்கொண்டார்கள். எது வந்தாலும் துண்டில் சுற்றி உகந்தாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் அதனதன் இடத்தில் வைத்தார்கள், வைத்தால் தானாக ஒட்டிக்கொண்டது. உள்ளே வெறும் கூடுதான், தட்டினால் குடம் மாதிரிச் சத்தம் வரும். செம்பெல்லாம் கம்பெனிச் சொத்து என்று வாசலில் நிற்கிற வாட்ச்மேன் முதலில் தடுத்துப் பார்த்தார். அப்புறம் பழகிவிட்டது. துண்டு மூட்டையைக் கண்டால், "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார். பூசாரி மட்டும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, தனக்குச் சுற்றுன உப்பைத் தானே நெருப்புல போட்டா இப்படித்தான், அது ஆளைத் தேடிக்கிட்டே இருக்கும் என்று சொன்னார். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் உகந்தாள் புளி கரைத்து அவனைத் தேய்த்துக் கழுவினாள், இல்லாவிட்டால் பச்சை பூத்துவிடும். செண்பகம் கால்மாட்டில் உட்கார்ந்து பாடம் படித்தாள். மதிய வேலைக்குச் சங்கு ஊதும்போது மட்டும் அவன் விரல்கள் மெதுவாக மடங்கி, கிளறுகிற கம்பியைப் பிடித்த மாதிரி இறுகி, சங்கு நின்றதும் விரியும். வந்திருக்கிறவர்கள் அந்த நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். விரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது. பட்டணத்திலிருந்து மூட்டையாக வரும் பழைய இரும்பில் வெறும் சேறுதான் படிந்தது, ஊருக்குள் யாராவது கையாண்ட இரும்பில்தான் கொம்பையா வந்தான். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஊருக்கே ஒரு வேகம் பிடித்துவிட்டது. பரிதாபம் பாதி, பெருமை பாதி. அரிவாளைக் கொடுத்தவர்கள் உண்டு, தோசைக்கல்லைக் கொடுத்தவர்கள் உண்டு, பெட்டிப் பூட்டையும் கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தவர்கள் உண்டு. சீனித்தாய் கொடுத்த அரிவாள்மணையில்தான் காது வந்தது. அதனால் அந்தக் காதில் தனக்குத்தான் பாத்தியதை என்று அவள் தினமும் வந்து, மருமகள் செய்கிற அக்கிரமங்களை எல்லாம் அதில் ஓதிவிட்டுப் போனாள். பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள், கடைசியில் காதுக்கு வரிசை நிற்க வேண்டியதாயிற்று. லாரிப் பொம்பளைக்குப் பெயர் வைத்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்கள் மட்டும் எதுவும் ஓதாமல், கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

ஆவணி பிறந்தபோது நெற்றி வந்தது, மூடிய கண்களும் மூக்கும் வந்தன, வாய் மட்டும் பாக்கி. வாய் வந்தால் பேசுவான், பேசினால் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்வான், சொல்லிவிட்டால் உகந்தாள் அழலாம். உகந்தாளுக்கு வேறு ஆசையே இல்லை. ஆனால் ஊரில் இரும்பு தீர்ந்துவிட்டது. ஆணி கூட இல்லை. காய்கறியைக் கையால் ஒடித்துக் குழம்பு வைத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களைத் தரையில் சாய்த்து வைத்தார்கள். இனிப் போட ஒன்றும் இல்லை என்று பெண்கள் கையை விரித்த அன்று, இரும்பே போடாத வெறும் பச்சைத் தண்ணீரின் அடியில், மேலுதடு கிடந்தது.

ஊர் கொண்டாடியது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி மட்டும் கொண்டாடவில்லை. அந்த வாரம் முழுக்க அவளிடம் வந்த பிள்ளைகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. பெரியவர்கள் படியேறினால் மூச்சு வாங்கினார்கள். பிள்ளைகள் சுவரை நக்கினார்கள், சிலேட்டுக் குச்சியைத் தின்றார்கள், மண்ணைத் தின்றார்கள். சத்து மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தாள், ஒன்றும் நிற்கவில்லை. எல்லாரையும்விட மோசமாக இருந்தது செண்பகம். கட்டிலின் கால்மாட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்த உகந்தாளிடம் ஜெபக்கனி சத்தம் போட்டாள்.

"பிள்ள ஒடம்புல ரத்தமே இல்லம்மா. ரத்தத்துல இரும்பு இருந்தாத்தான மனுஷன் நிக்க முடியும்? எங்க போச்சு அந்த இரும்பெல்லாம்? எவ்வளவு குடுத்தாலும் யாரு உறிஞ்சுறா?"

உகந்தாள் மகளின் உதட்டைப் பார்த்தாள். சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தது. அதற்கு முந்தின நாள்தான் புருஷனின் மேலுதட்டைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள், அது தளதளவென்று சிவந்திருந்தது. தன் புருஷன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், மகளைத் தரையில் இறக்கி விடமாட்டான். வந்துகொண்டிருப்பது அவன் இல்லை என்று அவள் நினைக்கவில்லை. அவன்தான். ஆனால் செம்புக்கு வெளியே வர இரும்பு வேண்டும், அதற்கு அப்பன் மகள் தெரியாது.

அவள் தொட்டிக்குப் போய், அவனைத் திரும்ப உலைக்கே அனுப்பிவிடலாம் என்ற தன் எண்ணத்தைச் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை.

"இன்னும் கீழுதடும் நாக்கும்தான பாக்கி" என்றாள் சீனித்தாய். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவாகளா? நாலு நாள் பொறுத்துக்கிட்டா வாயத் தெறந்துருவாக."

"எம்பூட்டக் குடுத்துட்டு வீட்டத் தெறந்து போட்டுருக்கேன்" என்றார் வாட்ச்மேன். "ஒரு வார்த்த கூடக் கேக்காம அனுப்பவா?"

"அவுக வாயத் தெறக்கும்போது கேக்க எம்புள்ள இருக்கணும்ல" என்றாள் உகந்தாள். யாரும் எழுந்து வரவில்லை.

அவள் அங்கிருந்து நேரே உலை மேடைக்குப் படியேறினாள். அருளப்பன் அங்கே நின்றிருந்தான். கொம்பையாவின் கட்டிலைப் பார்க்க வராத ஒரே ஆள் அவன்தான். ஊருக்கே இரும்பு போனபோதும் அவன் வீட்டுச் சாவிக்கொத்து மட்டும் அவன் இடுப்பில் தொங்கியது. பெண்களும் வேலையாட்களும் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கக் கீழே கூடினார்கள். உகந்தாள் கும்பிடவும் இல்லை, ஏசவும் இல்லை.

"அண்ணே, அவுக வாய் முழுசாகறதுக்கு எம்புள்ள ரத்தம் வேணுமாம். ஊர்ல இருக்கிற புள்ளைக ரத்தமெல்லாம் வேணுமாம்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "ஒங்க வாயி முழுசாத்தாண்ணே இருக்கு."

அருளப்பன் உலையைப் பார்த்தான், படியைப் பார்த்தான், கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தான். உப்புப் புகை எல்லாருக்கும் இருமலைக் கொடுத்தது, அவன் மட்டும் இருமவில்லை. அவன் பேசத் தொடங்கியபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது, பின்னால் நின்றவர்கள் உரக்கச் சொல்லு என்று கத்த வேண்டியிருந்தது.

"தகடு விட்டுப்போச்சு. எங்கண்ணு முன்னால உலைக்குள்ள போனான். 'அண்ணே'ன்னு கூப்பிட்டான். ஒரு தடவதான் கூப்பிட்டான்." அவன் கையை முகத்தில் அழுத்தித் துடைத்தான். "நான் உலைக் கதவ மூடிட்டேன். தெறந்திருந்தா சூடு போயிரும், கல்லு வேகாதுன்னு... கை பழகிப்போன பழக்கத்துல மூடிட்டேன் தாயி. அப்பறம் மேனேஜர் லாரின்னு சொன்னாரு, நானும் லாரின்னு சொன்னேன். அவன் போகல. இங்கதான் செத்தான். நான் பாத்தேன்."

உகந்தாள் அப்படியே மேடையில் உட்கார்ந்தாள். அத்தனை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்தது வெளியே வந்தது. சீனித்தாய் படியேறி ஓடிவந்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்த வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தானும் குரல் எடுத்தாள். கீழே நின்ற பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். லாரிப் பொம்பளைக்குப் பெயர் வைத்த வாய்கள்தான் அதில் உரக்க அழுதன. மதிய வேலைக்கான சங்கு ஊதியது. வீட்டில் கட்டிலுக்கருகில் படுக்கவைத்திருந்த செண்பகம் பிறகு சொன்னாள், அன்றைக்கு அப்பாவின் விரல்கள் மடங்கவில்லையாம், விரிந்தபடியே இருந்தனவாம்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கொம்பையாவை எடுத்தார்கள். பாடைக்கு மூங்கில் வெட்ட அரிவாள் இல்லாததால் கயிற்றுக் கட்டிலையே பாடையாக்கினார்கள். கீழுதடும் நாக்கும் இல்லாத அந்தச் செம்பு முகத்தில் உகந்தாள் மஞ்சள் பூசி, நெற்றியில் காசு வைத்தாள். கால்மாட்டைத் தூக்க அருளப்பன் வந்தபோது யாரும் விலக்கவில்லை, யாரும் அவனிடம் பேசவும் இல்லை. உலைமேடையில் பாடையை இறக்கியதும் உகந்தாள் கைநிறைய உப்பை எடுத்து, புருஷனின் தலையை வலமாகச் சுற்றி, இடமாகச் சுற்றி, வழக்கம்போல அவன் இடுப்பில் செருகப் போனாள். கை பாதியில் நின்றது.

"வேண்டாம். இத நான் போடுறேன்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் தானே உலையில் போட்டாள். பிறகு அவனை உள்ளே தள்ளினார்கள். இந்தத் தடவை கதவை மூடவில்லை, சூடு போனால் போகட்டும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செம்பு உப்பைப் பிடித்துக்கொண்டது. சிவப்பாக எரிந்துகொண்டிருந்த உலை நடுவிலிருந்து பச்சையாகி, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து, புகைபோக்கியின் உச்சி வரை பச்சை நெருப்பு ஏறி நின்றது. அந்த வெளிச்சத்தில் வெளுத்த முகங்கள் எல்லாம் இன்னும் வெளுத்துத் தெரிந்தன. அருளப்பன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுப் போனான். அவனை அதற்குப் பிறகு உலைப் பக்கம் பார்த்தவர்கள் இல்லை.

உலையில் மிஞ்சிய பொடியைத் தண்ணீரில் போடக் கூடாது என்று பெண்கள் பிடிவாதமாக நின்றதால், கம்பெனிக்காரர்கள் அதை மலைக்குழியில் கொட்டி மூடினார்கள். பிள்ளைகளின் கண்ணிமை முருங்கைக்கீரையிலும் மாத்திரையிலும் மெல்ல மெல்லச் சிவந்தது. செண்பகம் கார்த்திகைக்கு முன்னால் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். ஊருக்குள் புதுப் பூட்டும் அரிவாளும் வந்தன. கண்ணேறு கழித்த உப்பை இப்போது யாரும் உலைக்கு அனுப்புவதில்லை, வீட்டு அடுப்பிலேயே போடுகிறார்கள்.

போடும்போது ஒரு நொடி அடுப்பு பச்சையாக எரியும். சூளைப்பாறையில் எந்த வீட்டில், யாருக்குச் சுற்றிய உப்பைப் போட்டாலும் அப்படித்தான். புதிதாக வாழ வந்த மருமகள்கள் பயந்து பின்வாங்கினால், ஒன்றுமில்லை, கொம்பையா வந்துட்டுப் போறாக என்று மாமியார்கள் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உகந்தாள் வீட்டு அடுப்பில் மட்டும் அது கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுவாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நன்றாக அழுவாள், அழாதே என்று சொல்ல இப்போது யாரும் வருவதில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற குழம்புக்கு உப்புப் போடுவாள்.